வாசற்படி ஏறும் வித்தை

காவேரி பாயும் சீமையில் பிறந்தவர்களுக்கு ஒரு பரம்பரைப் பழக்கம் உண்டு. நம்மிடம் இருப்பதை வாங்குவதற்குப் பிறர் நம் வாசலுக்கு வரவேண்டுமே தவிர, நாம் பிறர் வாசலுக்குப் போகலாகாது என்பதே அது. நெல் விளைந்தால் தரகர் களத்துமேட்டுக்கு வந்து, பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, விலை பேசி, அளந்துகொண்டு போவார். உப்பு வண்டியும், சட்டிப் பானையும், வளையல் மலாரமும் அறுவடைக் காலத்தில் தாமாகவே தெருவுக்கு வந்து சேரும். கால் காணிதான் மிச்சம் என்றாலும் மிராசுதார் மிராசுதார்தான். திண்ணையை விட்டு இறங்கமாட்டார்.

அப்படிப்பட்ட குடும்பத்துப் பையன் ஒருவன், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ காலேஜுப் படிப்பை முடித்துவிட்டு, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, அயலார் வீட்டு வாசலில் நின்று, "ஸார், ஐந்து நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டால் வீட்டில் என்ன நடக்கும்? பாட்டி மூக்கில் விரலை வைப்பாள். "இதற்குத்தானா இத்தனை படித்தான்?" என்பாள். உத்தியோகம் புருஷ லக்ஷணம் என்று சொன்ன நம் முன்னோர், விற்பனையும் ஓர் உத்தியோகம் என்பதை அந்தப் பழமொழியில் சேர்க்க மறந்துவிட்டார்கள் போலும்.

ஆயினும் காலம் பாட்டியைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. நிலம் பங்காளிகளுக்குள் துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது. சர்க்கார் வேலை நூறு பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைத்தால் அதிகம். ஆகவே நம் பிள்ளைகளில் பலர் இன்று இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டுகளாகவும், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளாகவும், விதை, உரம், மோட்டார் சைக்கிள் விற்பவர்களாகவும் போகிறார்கள். பள்ளிக்கூட உபாத்தியாயர் என்ற முறையில் இவர்களைப் போகும்போதும் பார்க்கிறேன். ஆறு மாதம் கழித்து முகம் வாடித் திரும்பி வரும்போதும் பார்க்கிறேன். திரும்பி வருகிறவர்களுக்குப் புத்தி குறைவு என்று சொல்ல முடியாது. பேச்சுத் திறமை குறைவு என்றோ, தஞ்சாவூர் ஜில்லாக்காரனைப் பார்த்து யாருமே சொல்லத் துணியமாட்டார்கள்! குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, மனத்தைப் பழக்கும் விதத்தில். மற்றொன்று, நாளை நடத்தும் விதத்தில்.

பழைய துறைமுகத்தின் பாடம்

முதலில் அந்த வெட்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விற்பது இந்த மண்ணுக்குப் புதிய காரியமன்று. காவேரி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த பூம்புகாரைப் பாடுகிற பட்டினப்பாலை, அந்த நகரத்து வணிகர்களுக்கு ஒரு தனி இலக்கணமே வகுத்திருக்கிறது. வாங்கும்போது உரியதற்கு மேல் வாங்கமாட்டார்கள். கொடுக்கும்போது உரியதற்குக் குறைத்துக் கொடுக்கமாட்டார்கள். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகவே மதிப்பார்கள் என்று அந்தப் பாட்டு அவர்களைப் புகழ்கிறது. உப்பு வண்டி ஓட்டிச் சென்று நெல்லுக்கு மாற்றிய உமணர்களைச் சங்க நூல்களில் பல இடங்களில் காண்கிறோம். வாசல் வாசலாகச் சென்று விற்பது கௌரவக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே இடையில் புகுந்ததே தவிர, ஆதியில் இருந்ததன்று.

நம் நாகப்பட்டினம், தரங்கம்பாடிக் கரையிலிருந்து கூடை சுமந்து புறப்படும் மீன்காரப் பெண்மணிகளைப் பாருங்கள். விடியற்காலையில் கரைக்குப் போய் ஏலத்தில் எடுத்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் உள்நாட்டுக் கிராமங்களை எட்டியாக வேண்டும். எந்தத் தெருவில் யார் வீட்டில் எந்தக் கிழமை மீன் வாங்கமாட்டார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். "இன்றைக்கு மனசு சரியில்லை, நாளைக்குப் போகலாம்" என்று அவர்களால் உட்கார்ந்திருக்க முடியாது. மீன் நாளைவரை காத்திருக்காது. இன்ஷியூரன்ஸ் பத்திரமும் மருந்துச் சீட்டும் அழுகுவதில்லை. ஆகவேதான் அவற்றை விற்கிறவனுக்குச் சோம்பல் எளிதில் வந்துவிடுகிறது. மீன் கற்றுத் தருகிற ஒழுங்கை அவன் தானாகவே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கதர் மூட்டை

விற்பனையை ஒரு தவமாகச் செய்த காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. அது கதர் இயக்கத்தின் காலம். 1925-ம் வருஷம் அகில பாரத சர்க்கா சங்கம் ஏற்பட்டது. அதே வருஷம் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். நூற்பவர்களும் நெய்பவர்களும் கிடைத்துவிட்டார்கள். துணியும் மலைபோல் குவிந்தது. விற்பது எப்படி?

கதரை விற்பது எளிதான வேலையன்று. மில் துணியைவிட விலை கூடுதல். முரடு, கனம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் டெல்டாக் கிராமங்களில் ஒரு கதர் வேஷ்டியை உலர்த்துவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். பெண்மணிகளோ ஒன்பது கஜப் புடவையைக் கதரில் கட்டுவது எப்படி என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயந்தான்.

இவ்வளவு குறைகள் இருந்தும் பெரிய பெரிய தலைவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ஈ. வெ. ராமசாமி அவர்கள் காங்கிரஸில் இருந்த காலத்தில், பெரும் செல்வக் குடும்பத்தில் பிறந்திருந்தும், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார் என்பது எல்லோரும் அறிந்த சரித்திரம். 1927 செப்டம்பரில் மகாத்மா காந்தி கதருக்காகத் தமிழ்நாட்டில் யாத்திரை செய்தபோது மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று நம் பக்கமும் வந்தார். தமக்கு அளித்த வரவேற்புப் பத்திரங்களையும் வெள்ளிப் பேழைகளையும் கூட்டத்திலேயே ஏலம் போட்டு, வந்த பணத்தைக் கதர் நிதியில் சேர்த்துக்கொள்வது அவர் வழக்கம். தாம் வணிகர் குலத்தில் பிறந்ததைச் சொல்லிச் சிரிப்பாரே தவிர, அதற்காக ஒருபோதும் கூசியதில்லை.

இவர்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? ஒரு விதியில் அதன் ரகசியம் இருக்கிறது. சர்க்கா சங்கத்தில் முதல் வகுப்பு அங்கத்தினராக இருக்க வேண்டுமானால், எப்போதும் கதர் உடுத்துவதோடு, மாதம் 1,000 கஜம் நூல் தாமே நூற்றுச் சந்தாவாகச் செலுத்த வேண்டும். அதாவது, தினமும் சிறிது நேரம் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்தே தீரவேண்டும். இந்த ஒழுங்கினால் இரண்டு பலன்கள் விளைந்தன. விற்கிறவருக்குத் தம் சரக்கு எப்படி உண்டாகிறது என்பது விரல் நுனியில் தெரிந்தது, "ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடிந்தது. மேலும், தாம் நாள்தோறும் பயன்படுத்தாத பொருளைப் பிறர் தலையில் கட்டுகிறோம் என்ற குற்ற உணர்ச்சி அவர் நெஞ்சில் இல்லை. வாசற்படியில் நாக்குக் குழறுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் குற்ற உணர்ச்சிதான் என்பது என் அபிப்பிராயம்.

திருத்துறைப்பூண்டிப் பிள்ளை

இனி, நம் ஜில்லாவிலேயே பிறந்த ஒருவரின் கதையைப் பார்ப்போம். அப்போது தஞ்சாவூர் ஜில்லாவிலும் இப்போது திருவாரூர் மாவட்டத்திலும் சேர்ந்திருக்கும் திருத்துறைப்பூண்டி அவர் சொந்த ஊர். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். படிப்பை முடிக்காமலே அவர் இறங்கிய தொழில் விற்பனை: பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுப்பதும், தபால் மூலம் சாமான்களும் புத்தகங்களும் விற்பதும். அவர்தான் பின்னாளில் தென்னாடு முழுவதும் பெயர் பெற்ற எஸ். எஸ். வாசன்.

பூதூர் வைத்தியநாதையர் 1926-ல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' என்ற மாதப் பத்திரிகை 1927 முடிவில் நின்றுபோயிற்று. அதில் விளம்பரம் கொடுத்து வந்த வாசன், பத்திரிகை ஏன் வரவில்லை என்று விசாரிக்கப் போனார். கடைசியில் 1928-ல் அந்தப் பத்திரிகையையே வாங்கிவிட்டார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நின்றுபோன பத்திரிகையைப் பார்த்து மற்றவர்கள், "தமிழில் பத்திரிகை நடத்தினால் இதுதான் கதி" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அதே காட்சியைப் பார்த்த வாசனோ, "இதைச் சரியாக விற்கவில்லை" என்று எண்ணினார் போலிருக்கிறது. மாதப் பத்திரிகை வாரப் பத்திரிகை ஆயிற்று. குறுக்கெழுத்துப் போட்டி வந்தது. விகடன் வீட்டுக்கு வீடு நுழைந்தது.

பிறகு அவர் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவி, 1948-ல் 'சந்திரலேகா' படத்தை வெளியிட்டார். சுமார் 30 லட்ச ரூபாய் செலவு என்று சொல்லப்பட்ட படம். அந்நாளில் கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. தமிழ்நாட்டு வசூலில் மட்டும் அந்தப் பணம் திரும்பாது என்று கண்டதும் அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. அதே வருஷம் அதை ஹிந்தியில் எடுத்து, வடநாடு முழுவதும் பிரமாண்டமாக விளம்பரம் செய்து விற்றார். ஒரு வாசல் மூடியிருந்தால் அடுத்த வாசலைத் தட்டுவது என்ற பழக்கம், விளம்பரம் சேர்க்க அலைந்த நாளிலிருந்தே அவருடன் வந்ததாக இருக்கலாம் அல்லவா?

"வேண்டாம்" என்ற சொல்

விற்பனைத் தொழிலில் ஒருவன் அடிக்கடி கேட்கிற சொல் "வேண்டாம்" என்பது. இந்தச் சொல்லை அவன் வீட்டுக்கு எடுத்துச் சென்று என்ன செய்கிறான் என்பதில்தான் அவனுடைய வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கின்றன.

இது வெறும் உபதேசமன்று. அளந்து பார்த்த விஷயம். அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியரான மார்ட்டின் ஸெலிக்மன் என்பவர் 1980-களில் மெட்ரோபாலிடன் லைஃப் என்ற இன்ஷியூரன்ஸ் கம்பெனி ஏஜெண்டுகளைச் சோதித்தார். தமக்கு நேரும் தோல்விக்கு அவர்கள் தமக்குள்ளே என்ன காரணம் கூறிக்கொள்கிறார்கள் என்று கேட்டறிந்து, அவர்களை இரு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதியினர், "எனக்கு இந்த வேலை வராது, என் ராசியே அப்படி, எங்கே போனாலும் இதே கதிதான்" என்று எண்ணுகிறவர்கள். மற்றப் பாதியினர், "அவர் இன்று அவசரத்தில் இருந்தார், நான் போன நேரம் சரியில்லை" என்று எண்ணுகிறவர்கள். முதல் இரண்டு வருஷங்களில் இரண்டாவது வகையினர் முதல் வகையினரைவிட நூற்றுக்கு 37 பங்கு அதிகமாக விற்றார்கள். அதுமட்டுமல்ல. வழக்கமான தகுதிப் பரீட்சையில் தவறிய, ஆனால் இந்த நம்பிக்கைக் குணம் மிகுந்த சிலரையும் கம்பெனி பரீட்சார்த்தமாக எடுத்துக்கொண்டது. பரீட்சையில் தேறியிருந்தும் மனத்தளர்ச்சி உள்ளவர்களைவிட இவர்கள் முதல் வருஷம் நூற்றுக்கு 21 பங்கும், இரண்டாம் வருஷம் 57 பங்கும் அதிகமாக விற்றார்கள்! பரீட்சைத் தாள் திருத்தியே காலம் கழிக்கும் எம் போன்றவர்கள் சற்று அடக்கத்துடன் சிந்திக்க வேண்டிய கணக்கு இது.

நம் விவசாயிக்கு இந்தச் சாஸ்திரம் பழைய பாடம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கங்களில் வயது முதிர்ந்த தென்னை மரங்கள் ஒரே இரவில் லட்சக்கணக்கில் சாய்ந்தன. மரத்தைப் பார்த்து அழாதவர் இல்லை. ஆனால் அடுத்த பருவத்தில் அதே தோப்புகளில் கன்றுகள் நட்டார்கள். "எனக்கு விவசாயம் வராது" என்று யாரும் சொல்லவில்லை. "காற்று அடித்தது" என்றே சொன்னார்கள். வாசற்படியில் கேட்கும் மறுப்பையும் இப்படி ஒரு காற்றாகக் கருதத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நாள்வழிக் குறிப்பு

மற்றப் பாதிக் கிணற்றைத் தாண்டுவதற்கு மனம் மட்டும் போதாது. நோட்டுப் புத்தகம் வேண்டும். நம் பழைய வியாபாரிகள் இரவு எவ்வளவு நேரமானாலும் நாள்வழி எழுதாமல் கடையைக் கட்டமாட்டார்கள். நாள்வழியிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து ஐந்தொகை என்று கணக்கு ஏறும். வீடு வீடாக விற்கிறவனுக்கும் ஒரு நாள்வழி அவசியம். வந்த பணத்தை மட்டும் எழுதினால் போதாது. ஏறிய படிகளையும் எழுத வேண்டும்.

பிலடெல்பியா நகரத்தில் பிராங்க் பெட்கர் என்று ஒரு இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டு இருந்தார். முன்பு பந்தாட்டக்காரர், கையில் அடிபட்டதால் இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஒரு வருஷம் விடாமல் குறிப்பு எழுதி வந்தார். 1,849 முறை பிறர் வாசலுக்குப் போயிருந்தார். 828 பேருடன் பேச முடிந்தது. 65 பேர் பாலிஸி எடுத்தார்கள். கமிஷன் 4,251 டாலரும் சில்லறையும். அவர் அந்தத் தொகையை 65 ஆல் வகுக்கவில்லை. 1,849 ஆல் வகுத்தார். ஒவ்வொரு படி ஏறியதற்கும் 2 டாலர் 30 ஸெண்டு என்று விடை வந்தது. அதாவது, முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்திய வீடுகூட அவருக்கு 2 டாலர் 30 ஸெண்டு கொடுத்திருக்கிறது! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவனுக்கு அடுத்த கதவைத் தட்டப் பயம் ஏது?

அவரே மற்றொரு சமயம் குறிப்புகளைப் புரட்டியபோது, விற்பனையில் நூற்றுக்கு 70 முதல் சந்திப்பிலும், 23 இரண்டாவது சந்திப்பிலும், மூன்றாவதற்கு மேல் அலைந்ததில் 7 மட்டுமே முடிந்திருப்பதையும் கண்டார். ஆனால் அவருடைய நேரத்தில் பாதி அந்த ஏழுக்காகச் செலவாகிக்கொண்டிருந்தது. குறிப்பு இல்லாமல் இது தெரிந்திருக்குமா? "நாய் படாத பாடு படுகிறேன்" என்ற புலம்பல்தான் மிஞ்சியிருக்கும்.

இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் தமது நோட்டில் இதோடு வேறொரு பத்தியும் வைத்திருக்கிறார்: பருவம். காவேரிச் சீமையில் பணத்துக்கும் தண்ணீருக்கும் ஒரே பஞ்சாங்கம். ஜூன் 12-ந் தேதியை ஒட்டி மேட்டூரில் தண்ணீர் திறந்தால், அதன்பின் குறுவை நடவுக்குப் பணம் வெளியே போகும் காலம். அப்போது விற்கப் போனால் உபசாரம் மட்டும் கிடைக்கும். தை, மாசியில் சம்பாவும் தாளடியும் களம் ஏறியபின் கையில் ஓட்டம் இருக்கும். நடவு நாளில் காலை பத்து மணிக்கு மிராசுதாரை வயல் வரப்பில் மறித்துப் பேசுவது பாவம். மாலையில் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தபின் பேசுவது புண்ணியம். இதையெல்லாம் அவர் ஒரே நாளில் கற்கவில்லை. தினமும் இரவு எட்டு மணிக்கு மூன்று வரி எழுதியதால் கற்றார்.

மனம் மட்டும் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். விற்பனை குறைந்தால், "உன் மனப்பான்மை சரியில்லை" என்று பையனைக் கடிந்துகொள்வது மேலதிகாரிகளுக்குச் சுலபமான காரியம். சரக்கு மட்டமாக இருக்கலாம். விதித்த இலக்கு நடவாததாக இருக்கலாம். அதற்கெல்லாம் பையனின் மனத்தைப் பொறுப்பாக்குவது நியாயமன்று.

வ. உ. சிதம்பரம் பிள்ளையைவிட உறுதியான நெஞ்சு யாருக்கு இருந்தது? 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்து, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டமிட்டு, ஊர் ஊராகச் சென்று பங்கு விற்றார். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகவும் கூடவே ஒரு குடை தருவதாகவும் ஆசை காட்டிற்று. 1908-ல் அவர் சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனி கலைந்தது. குடைக்கு ஆசைப்பட்ட ஜனங்களும், அடக்குமுறை அரசாங்கமும் சேர்ந்து தோற்கடித்ததை அவருடைய மனத்தின் தோல்வி என்று யார் சொல்ல முடியும்? விற்கிறவனுடைய ஒழுங்கு எவ்வளவு முக்கியமோ, வாங்குகிறவனுடைய ஒழுங்கும் அவ்வளவு முக்கியம்.

உறுதியும் ஒழுங்கும் பொய்யான சரக்கோடு சேர்ந்துவிட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. பத்து வருஷம் பிரீமியம் கட்ட இயலாத குத்தகைதாரரிடம் நயமாகப் பேசிப் பத்திரத்தை விற்றுவிடலாம். இரண்டாவது வருஷம் அது நின்றுபோகும். அந்தத் தெருவில் பிறகு அவன் மட்டுமல்ல, அவனுக்குப் பின்னால் வருகிற யோக்கியனும் படி ஏற முடியாது. கிராமத்தில் ஒருவன் விற்பது சரக்கையல்ல, தன் பெயரை. பூம்புகார் வணிகர்களின் இலக்கணம் இன்றும் செல்லுபடியாவது இதனால்தான்.

கடைசியாக, வீட்டிலிருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாசலுக்கு ஒரு பையன் பையுடன் வந்தால், இரக்கப்பட்டு வேண்டாததை வாங்காதீர்கள். அது அவனுக்கும் நல்லதன்று. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். தேவையிருந்தால் விலையை விசாரியுங்கள். தேவையில்லையானால், "வேண்டாம், அப்பா" என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். நம் ஜில்லாவுக்கே உரிய அந்த மரியாதையான "நாளைக்கு வாயேன், பார்க்கலாம்" என்ற பதிலை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நீங்கள் அதை உபசாரமாகச் சொல்கிறீர்கள். அவனோ நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நாளைய பக்கத்தில் உங்கள் வீட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டு போகிறான்.